சரித்து வெட்டிய படம்

கையுறையைப் பாதி உருவி, இரண்டு விரலை மட்டும் வெளியே எடுத்து, மேசை இழுப்பறையில் இருக்கும் பொட்டலத்திலிருந்து நேந்திரம் சிப்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அதை மென்று முடிப்பதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்திருப்பார். கையுறை மறுபடியும் மேலே ஏறும். அந்த விரல்கள் அந்த வாய்க்குள் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இதைப் பார்த்துவிட்டு அன்று மத்தியானம் என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. நாளைக்கே நின்றுவிட வேண்டும் என்று நினைத்தேன். நாலு வருஷம் இருந்தேன்.

அந்தப் பல் டாக்டரின் பெயர் வேண்டாம். நாங்கள் எல்லாரும் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மார்த்தாண்டத்தில் பஸ் போகிற ரோட்டுக்கு மேலே, மாடியில் இருந்தது அவருடைய பல் ஆஸ்பத்திரி. எல்லார் கையிலும் தொடுதிரை போன் வரத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. நான் எக்ஸ்ரே எடுக்கிற டிப்ளமோ படித்திருந்தேன். வீட்டுக்காரர் கத்தாரில். கைப்பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டுக் கருங்கலிலிருந்து ஒன்பதேகால் பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம், விளக்கு வைக்கும் முன்பு வீடு திரும்பிவிடலாம். அந்த வசதிக்காகத்தான் அந்த விரல்களைச் சகித்துக்கொண்டேன்.

அவர் மோசமானவர் என்று சொன்னால் அங்கே ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். தங்கமான மனுஷன் என்பார்கள். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. ரப்பர் தோட்டம் உள்ளவர்களிடம் மழையையும் ரப்பர் விலையையும் கேட்பார். கடற்கரையிலிருந்து வருகிறவர்களிடம் சாளை மீன் எப்படிக் கிடக்கிறது என்று கேட்பார். கிழவிகளின் தாடையைப் பிடித்துக் கொஞ்சுவார். பேசிக்கொண்டே கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பார். படம் வருவதற்கு முன்னால் திரை கொஞ்ச நேரம் கறுப்பாக இருக்குமே, அந்தக் கறுப்பில் தன் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொள்வார். பல்லிடுக்கில் சிப்ஸ் துணுக்கு இருந்தால் நாக்கால் தள்ளி விழுங்குவார். நோயாளியின் மண்டையோடு திரையில் எழும்பும்போது அவர் முகம் நல்ல வெளிச்சமாக இருக்கும்.

அந்த ஸ்கேன் மெஷின் வந்தது நான் சேர்ந்து ஆறு மாதத்தில். தாடையை முப்பரிமாணத்தில் படம் எடுக்கிற மெஷின். எங்கள் சுற்று வட்டாரத்தில் அப்போது வேறு யாரிடமும் கிடையாது. வந்த அன்று பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளித்தார். அவர் படி இறங்கிய பிறகு சார் ஒரு தேங்காயும் உடைத்தார். நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் அதில் ஒன்றை மிதித்து வழுக்கி, கன்னாபின்னாவென்று திட்டினார். அவரிடமும் சார் சிரித்துக்கொண்டுதான் நின்றார். அந்த இன்ஜினியர்தான் இரண்டு நாள் இருந்து எனக்கு வேலை பழக்கினார்.

ஆளை நிறுத்தி, கழுத்துச் சங்கிலி, கம்மல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்ல வேண்டும். உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழும். கடற்கரைப் பெண்கள் தாலியான மின்னுச் சங்கிலியைக்கூடக் கழற்றிவிடுவார்கள், கழுத்தில் கிடக்கும் வெள்ளிச் சிலுவையைக் கழற்றத்தான் மனசு வராது. கழற்றிக் கைக்குள் பொத்திக்கொள்வார்கள். தாடையை மேடையில் வைத்து, பிளாஸ்டிக் குச்சியைக் கடித்துக்கொண்டு, எச்சில் விழுங்காமல் நிற்க வேண்டும். மெஷினின் கை தலையை ஒரு சுற்றுச் சுற்றும். அவ்வளவுதான். பிறகு திரையில் அந்தத் தாடையை எந்தப் பக்கமும் திருப்பலாம், எந்த இடத்திலும் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். எலும்பு எத்தனை மில்லிமீட்டர் உயரம், எத்தனை அகலம், கீழ்த்தாடைக்குள் ஓடுகிற நரம்புக் குழாய் எவ்வளவு ஆழத்தில் என்று அளக்கலாம். அந்தக் குழாயை நான் சிவப்பு நிறத்தில் வரைந்து காட்டுவேன். எலும்புக்குள் டைட்டானியம் திருகாணியை முடுக்கி அதன் மேல் பல் கட்டுவதுதான் இம்ப்ளான்ட். எங்கள் ஊரில் ‘ஸ்குரூ பல்லு’ என்பார்கள். ஸ்குரூவை எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்தச் சரிவில் முடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் அந்த மெஷின். எங்கே முடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளவும்தான்.

சாரால் முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான். ‘முடியாது’ என்று ஒருத்தரிடமும் சொல்ல முடியாது. இரக்கத்தால் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். இரக்கம் ஒன்றும் இல்லை. நாகர்கோவிலில் ஒருத்தர் முடியாது என்று அனுப்பிய ஆள் இவரிடம் வந்து, இவர் ‘அதுக்கென்ன, செய்துரலாம்’ என்று சொல்லும்போது அந்த ஆளின் முகம் மலருமே, அந்த முகத்தைப் பார்க்கிற ருசி. அதற்காக அவர் எதையும் செய்வார்.

ஒரு மஸ்கட்காரர் முப்பது நாள் லீவில் வந்தார். ஸ்குரூ எலும்போடு ஒட்டிப் பிடிக்க மூன்று நான்கு மாதமாவது விட்டுத்தான் மேலே பல் கட்ட வேண்டும் என்று மற்ற இடங்களில் சொல்லியிருந்தார்கள். சார் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் முடித்து அனுப்பினார். அடுத்த லீவில் அந்த ஆள் டிஷ்யூ பேப்பரில் பொதிந்து அந்தப் பல்லைக் கொண்டுவந்தார். குபூஸ் ரொட்டியைக் கடித்தபோது ஸ்குரூவோடு கழன்று வந்ததாம். சார் சிரித்துக்கொண்டே, இன்னொன்று போட்டால் போச்சு என்றார். பழைய ஸ்குரூவைக் குழாயடியில் கழுவி, சிப்ஸ் இருக்கிற அதே இழுப்பறையில் போட்டார். பிறகு அதை என்ன செய்தார் என்று நான் பார்க்கப் போகவில்லை.

ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வந்தார். மேல்தாடை எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்திருந்தது. அதற்கும் செய்துரலாம்தான். முடுக்கிய ஸ்குரூ மேலே, மூக்கை ஒட்டிய வெற்றிடத்துக்குள் ஓட்டை போட்டுவிட்டது. ஒரு வாரம் கழித்து வந்து, தம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கி, எங்கள் முன்னால் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினார். தண்ணீர் மூக்கு வழியாக வந்து சேலையில் சொட்டியது. வீட்டில் பிள்ளைகள் முன்னால் சாயா குடிக்க வெட்கமாக இருக்கிறது என்று சொல்லி அழுதார். சார் பஞ்சை எடுத்துத் தன் கையாலேயே அவர் மூக்கைத் துடைத்துவிட்டார். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார். அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பஞ்சை எடுத்துப் போட்டது நான்.

சரி, எலும்பு இல்லாத இடத்தில் அவர் எப்படி எலும்பைக் காட்டினார்? இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. சிப்ஸ் கடையில் வாழைக்காய் சீவுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். காயை நேராகச் சீவினால் வட்டமாக விழும். சரித்துச் சீவினால் நீளமாக விழும். காய் அதே காய்தான். திரையிலும் அப்படித்தான். தாடையை நேர்குறுக்காக வெட்டிப் பார்த்தால்தான் எலும்பின் உண்மையான உயரம் தெரியும். வெட்டுகிற கோட்டைச் சரித்தால் அளவு கூடிக்கொண்டே போகும். முதல் தடவை அவர் என் கையின் மேலேயே கையை வைத்து, மௌஸைப் பையப் பைய நகர்த்திக் காட்டினார். எண்ணெய் பிசுபிசுத்த விரல்கள். எட்டு என்று இருந்தது ஒன்பதாகி, பத்தானது. அதோ வந்துவிட்டது பார் என்றார், எலும்பு எங்கோ ஒளிந்திருந்து இவர் கண்டுபிடித்த மாதிரி. அதற்குப் பிறகு அவர் கையை வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மகளைக் கூப்பிடுவது போல ‘திருப்பு மக்களே’ என்று சொன்னால் போதும், நானே சரிப்பேன். அந்தப் படத்தை அச்செடுத்து நோயாளியின் கையில் கொடுப்போம். நான் ஒரு கூலிக்காரி, அவர் சொன்னதைச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மீன் ஏலக்காரர் வந்தது மெஷின் வந்த இரண்டாம் வருஷம். இனயம் கடற்கரைக்காரர். தேங்காய்ப்பட்டணத்தில் படகு வந்து மீன் இறங்குகிற இடத்தில் ஏலம் விளிக்கிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கீழ்ப் பல் அத்தனையும் போய், கழற்றி மாட்டுகிற பல் செட்தான் வைத்திருந்தார். ஏலம் விளிப்பது என்றால் தொகையை மூச்சு விடாமல் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். நாக்கும் உதடும் ஒரு நொடி பிந்தினால் விலை அங்கேயே நின்றுவிடும். ஒருநாள் விளித்துக்கொண்டிருக்கும்போது பல் செட் வாயிலிருந்து துள்ளி, சாளைக் குவியலுக்குள் விழுந்துவிட்டது. கூட்டத்தில் ஒருத்தன் அந்தப் பல்லையும் சேர்த்து ஏலம் கேட்டானாம். சொல்லும்போது அவரும் சிரித்தார், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

நாகர்கோவிலில் இரண்டு டாக்டர்கள் அவரைப் பார்த்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். முன்பக்கம் எலும்பு நன்றாக இருக்கிறது, அங்கே மட்டும் ஸ்குரூ போட்டு, பல் செட்டை அதில் மாட்டிக்கொள்ளலாம், ராத்திரி கழற்றி வைக்கலாம், துள்ளாது. பின்பக்கம் வேண்டாம், நரம்பு மேலேயே ஓடுகிறது. இவருக்குக் கழற்றுகிற பல்லே இனி வேண்டாம் என்று ஆகிவிட்டிருந்தது.

“விளிக்கச்சில துள்ளிச் சாடாத பல்லு வேணும் சாரே. எனக்கக் காலம் முடியுவரை வாயில கிடக்கணும்,” என்றார்.

சார் அவர் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். அதுக்கென்ன அண்ணே என்றார். அந்த மனுஷன் முகம் மலர்ந்தது. நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டவர் மாதிரி இருந்தார்.

படம் எடுத்தேன். வலப்பக்கம் பின்னால், நரம்புக் குழாய்க்கு மேலே ஒன்பது மில்லிமீட்டர்தான் எலும்பு. கீழே இரண்டு மில்லிமீட்டராவது மிச்சம் விட வேண்டும். சார் முடுக்க நினைத்தது பத்து மில்லிமீட்டர் ஸ்குரூ. ஒன்பதுதான் இருக்கிறது சார் என்று சொன்னேன். திருப்பு என்றார். சரித்தேன். பத்து வந்தது. இன்னும் கொஞ்சம் என்றார். பதினொன்று வந்தது. போதும், பிரிண்ட் எடு என்றார். ஏலக்காரர் எங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். தன்னுடைய தாடை எலும்பு திரையில் சுழல்வதை ஒரு கோயில் தேரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபரேஷன் அன்று நான் உள்ளேதான் நின்றேன். முன்பக்கம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. வலப்பக்கம் பின்னால் துளை போடும்போது அவர் உடம்பு ஒரு தூக்குத் தூக்கியது. கையை உயர்த்தினார். கரண்டு அடித்த மாதிரி இருந்தது என்று வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே எப்படியோ சொன்னார். சாரின் கை நின்றது. அப்போதுதான் அவர் முதல் தடவையாகச் சுவரில் நாங்கள் ஒட்டியிருந்த அந்தச் சரித்த படத்தை உற்றுப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஒன்றுமில்லை அண்ணே என்று சொல்லிவிட்டு ஸ்குரூவை எடுத்து முழுசாக முடுக்கினார்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே ஏலக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். கீழுதட்டின் வலப்பாதி கடிபட்டு வீங்கிக் கறுத்திருந்தது. ராத்திரி கஞ்சி குடிக்கும்போது உதட்டையும் சேர்த்துக் கடித்திருக்கிறார், தெரியவில்லை. உதட்டோரத்தில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மரப்பு இன்னும் மாறவில்லை என்றார். மரப்பு ஊசி போட்டு ஒரு நாள் ஆகப்போகிறது.

சார் மறுபடி படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நான் நேராகத்தான் வெட்டினேன். ஸ்குரூவின் நுனி சிவப்புக் குழாய்க்குள் இறங்கி நின்றது. இப்படி ஆனால் ஒன்றிரண்டு நாளுக்குள் ஸ்குரூவை எடுத்துவிட்டால் நரம்பில் உணர்வு திரும்ப வாய்ப்பு உண்டு, நாள் போனால் கஷ்டம் என்று இன்ஜினியர் விட்டுப்போன புத்தகத்திலேயே இருந்தது. சாருக்கு அது தெரியாமல் இருக்காது. நான் அவர் காதோடு சொன்னேன்.

“சார், உள்ள போயிருக்கு. இண்ணைக்கே எடுத்தா நல்லது.”

“திருப்பு,” என்றார்.

திருப்பினேன். எத்தனை தடவை எழுதினாலும் அந்த வார்த்தை இப்படித்தான் வரும், திருப்பினேன். ஸ்குரூ ஒரு பக்கமும் சிவப்புக் கோடு ஒரு பக்கமுமாகத் தெரிகிற ஒரு கோணம் வந்ததும் போதும் என்றார். ஏலக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். நரம்பு அந்தப் பக்கம், ஸ்குரூ இந்தப் பக்கம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். அதோடு விட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு குமட்டாது. நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னார். உதட்டில் தொடுவேன், தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு இடுக்கியில் பஞ்சை எடுத்தார்.

பஞ்சு உதட்டுக்கு இரண்டு விரற்கடை தள்ளி அந்தரத்தில் நின்றது.

“தெரியுது சாரே,” என்றார் ஏலக்காரர்.

பஞ்சு தொடவே இல்லை. நான் பார்த்தேன். சாரும் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். இவ்வளவு அன்பாக நடந்துகொள்கிற டாக்டரிடம் ‘தெரியவில்லை’ என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. சார் இடுக்கியைத் தட்டில் வைத்தார். பார்த்தீர்களா, நரம்புக்கு ஒன்றும் இல்லை என்றார். கண்ணைத் திறந்த ஏலக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“படம் நல்லாத்தான இருக்கு மக்களே?”

“ஆமாண்ணே,” என்றேன்.

ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, மூன்று மாதம் கழித்து வந்தார். ஒவ்வொரு தடவையும் சார் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார், கடலில் சாளை எப்படிக் கிடக்கிறது என்று கேட்டார். மேலே பல் கட்டி முடித்தபோது பல் வரிசையாக, அழகாக இருந்தது. அசையவில்லை. அந்தப் பல்லின் முன்னால் உதடு உணர்வு செத்துக் கிடந்தது.

அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் இருந்தேன், எத்தனையோ தாடைகளைச் சரித்தேன். கருங்கலிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும் நின்றேன். கடைசி நாள் சார் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்றார். வீட்டுக்குப் போய், பிள்ளையைத் தூக்கும் முன்பு தலைக்குக் குளித்தேன். அவர் இன்றைக்கும் அதே மாடியில்தான் இருக்கிறார். கூட்டம் குறையவில்லை என்று கேள்வி.

புது வேலையில் சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை அக்காவோடு மீன் வாங்கத் தேங்காய்ப்பட்டணம் போனேன். வேறு யாரோ இளவட்டம் ஒருவன் ஏலம் விளித்துக்கொண்டிருந்தான். ஏலக்காரர் கொஞ்சம் தள்ளி, மீன் பெட்டிகளுக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ‘ப’வும் ‘ம’வும் வேகமாக வராததால் விளிக்கிறதை விட்டுவிட்டாராம். என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். சார் சுகமாக இருக்கிறாரா என்றும் கேட்டார். அதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, ஒங்களுக்கப் படத்த நான் சரிச்சுக் காட்டினேன். நேரா பாத்தா எலும்பு அளவு காணாது. மறுநாள் எடுத்ததிலயும் ஸ்குரூ நரம்புக்குள்ளதான் நிண்ணுது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நல்லாருக்குண்ணு சொன்னேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்றுதான் நின்றேன். அவர் படகுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எனக்கும் தெரியும் மக்களே. துளைக்கச்சில கரண்டு அடிச்சுதுல்லா, அப்பவே தெரியும். சாருக்க மூஞ்சியப் பாத்தேன். கூடப் போனவனக் கடல்ல விட்டுட்டுக் கரைக்கு வந்தவனுக்க மூஞ்சி மாதிரி இருந்து. பாவமாப் போச்சு. அதுனாலதான் மறுநாளு தெரியுதுண்ணு சொன்னேன்.”

மரியாதைக்காகச் சொன்னார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் சாருக்குப் பாவம் பார்த்திருக்கிறார். தன்னுடைய உதட்டைக் கொடுத்து, தன்னுடைய ஏலக் குரலைக் கொடுத்து, அந்த எண்ணெய் விரல்காரருக்குப் பாவம் பார்த்திருக்கிறார். சார் அந்தப் பாவத்தை வாங்கிக்கொண்டு இடுக்கியைத் தட்டில் வைத்திருக்கிறார். சாரை நான் அதற்கு முன்பு வெறுத்ததெல்லாம் வெறுப்பே இல்லை என்று அந்த இடத்தில் நிற்கும்போது தோன்றியது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உதட்டின் வலது ஓரத்திலிருந்து எச்சில் இறங்கித் தாடையில் நூலாகத் தொங்கியது. அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் மீன் எடுக்க வந்த பெண்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்காவும் வேறு பக்கம் பார்த்தாள்.

“அண்ணே, வாய் ஒழுகுது,” என்றேன்.

தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை அவசரமாக எடுத்து இடது ஓரத்தை அழுத்தித் துடைத்தார்.

“போச்சா?”

“இல்லண்ணே,” என்றேன். “இன்னும் இருக்கு.”